தென்னாப்பிரிக்காவில் பணியாளர் வேன் விபத்து: நேராகச் சாலை விபத்து நிதிக்கு (ஆர்ஏஎஃப்) போகலாமா, வக்கீல் வேண்டுமா?

வெருலம் செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 54 வயது. உம்லாங்காவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. மார்ச் மாதம் இரவு ஷிஃப்ட் முடிந்து பணியாளர்களை வீட்டில் விடும் வேனில் வந்துகொண்டிருந்தார். என்2 நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. எங்கள் வேன் டிரைவரும் சட்டென்று லேன் மாற்றினார் என்று அம்மா சொல்கிறார். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை.

ஹோட்டலில் 15,000 ராண்டு தருகிறோம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வார்டுக்கே வந்த ஒருவர் வக்கீல் படிவம் என்று ஒன்றை நீட்டினார். என் மாமா வேன் முதலாளி மேல் கேஸ் போடு என்கிறார். அம்மா மட்டும், "டிரைவர் நல்ல பையன், அவன் வேலை போய்விடக் கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

சாட்ஸ்வர்த் பெரியவர்:
உன் மாமா சொல்வதுதான் நியாயம், மகளே. வண்டி வைத்துச் சம்பாதிப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும். 1998-ல் என் தம்பி பஸ்ஸில் அடிபட்டபோது பஸ் முதலாளி மேல் வழக்குப் போட்டுத்தான் வாங்கினோம். ஒரு ராண்டுகூடச் சும்மா வரவில்லை. முதலாளியைக் கோர்ட்டில் நிறுத்து.

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
ஐயா, உங்கள் தம்பி விஷயத்தில் அது சரி. இப்போது அந்த வழி இல்லை. 2008 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. சாலை விபத்து நிதிச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, உடல் காயத்துக்காக டிரைவர் மேலோ வண்டி உரிமையாளர் மேலோ வழக்குப் போட முடியாது. விதிவிலக்கு மிகக் குறைவு. கேட்க வேண்டிய இடம் ஆர்ஏஎஃப்தான், அதாவது சாலை விபத்தில் காயப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் அரசு நிதி. நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் 2 ராண்டுக்கு மேல் அதற்குத்தான் போகிறது.

செல்வி, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பணம் டிரைவரின் பையிலிருந்து போகாது. குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்ற காரணம் இருந்தால் மட்டுமே நிதி அவரிடம் திருப்பிக் கேட்க முடியும். அவர் லேன் மாற்றியதை அம்மா மறைக்க வேண்டாம், உண்மையை அப்படியே சொல்லட்டும்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
அப்படியானால் ஏழையின் உரிமையைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? பெட்ரோல் வரி கட்டுகிறவன் நான், தப்பித்துப்போகிறவன் முதலாளி. இதை எப்படி ஒத்துக்கொள்வது?

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வக்கீல்கள் சங்கமே இதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2010-ல் அந்த நீதிமன்றம், வழக்குப் போடும் உரிமையை எடுத்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் பழைய சட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். தவறு முழுவதும் தன் வண்டி டிரைவருடையது என்றால், அந்தப் பயணிக்கு நிதி கொடுத்த உச்சவரம்பு 25,000 ராண்டு. மீதியை முதலாளியிடம் வாங்கிக்கொள் என்றார்கள். ஒரே ஒரு பழைய டாக்சி வைத்திருப்பவரிடம் என்ன வாங்க முடியும்? எங்கள் வக்கீல் அலுவலகத்தில் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காசு பார்க்காமலே இறந்தவர்களின் ஃபைல்கள் இருந்தன. அந்த வரம்பை 2011-ல் அதே நீதிமன்றம்தான் செல்லாது என்றது. பஸ்ஸிலும் டாக்சியிலும் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இப்போதைய சட்டம் சில இடங்களில் நல்லது, சில இடங்களில் மோசம்.

மிட்ராண்ட் குமார்:
செல்வி, நான் வேறு மாதிரி சொல்கிறேன். வக்கீலே வேண்டாம். நிதிக்கு டர்பனிலேயே அலுவலகம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு டாக்சியில் போகும்போது என் மணிக்கட்டு உடைந்தது. ஆர்ஏஎஃப் 1 படிவம், போலீஸ் விபத்து அறிக்கை, பிரமாண வாக்குமூலம், ஆஸ்பத்திரிப் பதிவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவச் செலவும் வேலை இழந்த நாட்களின் சம்பளமும் வந்தன. தாமதம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. வக்கீலுக்கு 25 சதவீதம் என்றால் அது அம்மாவின் கால், அம்மாவின் வலி, அதில் நாலில் ஒன்று.

பயணியாக இருந்தவருக்கு நிரூபிப்பதும் சுலபம். இரண்டு டிரைவர்களில் யாராவது ஒருவர் மேல் ஒரு சதவீதத் தவறு இருந்தால் போதும்.

இசிப்பிங்கோ நர்ஸ்:
தம்பி குமார், மணிக்கட்டும் தொடை எலும்பும் ஒன்றல்ல. எலும்பு வார்டில் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். செலவும் சம்பளமும் ஒரு கணக்கு. வலிக்கும் ஊனத்துக்கும் கொடுக்கும் பொது இழப்பீடு வேறு கணக்கு. அதற்குக் காயம் "கடுமையானது" என்று ஒரு டாக்டர் ஆர்ஏஎஃப் 4 படிவத்தில் எழுத வேண்டும். உடல் முழுவதற்குமான பாதிப்பு 30 சதவீதம் என்பதுதான் அளவு. கம்பி வைத்துச் சேர்ந்துவிட்ட தொடை எலும்பு பெரும்பாலும் அந்த எண்ணைத் தொடாது.

ஆனால் இன்னொரு வழி உண்டு. நீண்ட காலத்துக்கு ஒரு உறுப்பின் செயல் கடுமையாகக் குறைந்ததா என்று அந்த ஆளின் வாழ்க்கையை வைத்தே பார்ப்பார்கள். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு லேசான நொண்டல் பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து படுக்கை விரிப்பவருக்கு அதே நொண்டல் வேலையையே பறித்துவிடும். இதை எழுதத் தெரிந்த டாக்டர் வேண்டும், கேட்கத் தெரிந்த ஆளும் வேண்டும். தனியாகப் போகிற பலர் இந்தப் படிவம் இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

முதல் நாள் குறிப்பு, எக்ஸ்ரே, அறுவைக் குறிப்பு, பிசியோ சீட்டு, எல்லாவற்றுக்கும் நகல் இப்போதே வாங்கி வையுங்கள் செல்வி. பின்னால் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

மிட்ராண்ட் குமார்:
அக்கா, ஒத்துக்கொள்கிறேன், ஆர்ஏஎஃப் 4 பற்றி எனக்கு அப்போது தெரியாது. ஆனால் வக்கீல் என்றாலே நல்லது நடக்கும் என்று சொல்லாதீர்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவின் ஃபைலை ஒரு வக்கீல் நாலு வருடம் அலமாரியில் வைத்திருந்தார். கேட்டால் "வரும், வரும்" என்பார்.

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் கட்டணச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவருடைய வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு, அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். 25 என்பது எல்லோருக்கும் பொதுவான விலை இல்லை, குமார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் விலகலாம்.

வார்டுக்கு வந்து படிவம் நீட்டுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். ஆள் பிடிப்பது வக்கீல் தொழிலில் தடை செய்யப்பட்டது. அதைச் செய்கிற இடம் ஃபைலையும் அப்படித்தான் கவனிக்கும்.

இனி முக்கியமானது, தேதி. அடையாளம் தெரிந்த வண்டி என்றால் கோரிக்கையைக் கொடுக்க மூன்று வருடம். ஓடிப்போன வண்டி என்றால் இரண்டே வருடம். உங்கள் விபத்தில் இரண்டும் கலந்திருக்கிறது. வேன் டிரைவரின் தவறு நிரூபணமாகவில்லை, எல்லாம் லாரியின் தவறுதான் என்று முடிவானால் மூன்று வருடக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. ஆகவே இரண்டு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பிறகு 120 நாள் காத்திருக்காமல் வழக்குப் போட முடியாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
ஹோட்டல்காரனை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? வேலை முடித்து வந்த பெண்ணுக்கு அவன் பொறுப்பில்லையா?

இசிப்பிங்கோ நர்ஸ்:
நல்ல கேள்வி, ஐயா. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறதே.

மிட்ராண்ட் குமார்:
வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது வேலையில் நடந்ததாகாது, அக்கா. அந்தப் பக்கம் போனால் வீண் அலைச்சல்.

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
பொதுவாக ஆகாதுதான். ஆனால் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-வது பிரிவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. முதலாளி இதற்காகவே ஏற்பாடு செய்த வண்டி, இலவசம், ஓட்டுபவர் முதலாளியோ அவருடைய ஊழியரோ, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பயணமும் வேலை நேரமாகவே எண்ணப்படும். அப்படி வந்தால் சம்பளத்தில் 75 சதவீதம், முதல் மூன்று மாதம் முதலாளியே கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவும் உண்டு. வலிக்கு அங்கே பணம் இல்லை, அதற்கு ஆர்ஏஎஃப்தான். அங்கே வாங்கியதை இங்கே கழிப்பார்கள்.

செல்வி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வேன் யார் பெயரில்? டிரைவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? அம்மாவிடம் வேனுக்குக் காசு பிடித்தார்களா?

வெருலம் செல்வி:
சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். "போக்குவரத்து" என்று மாதம் 180 ராண்டு பிடித்திருக்கிறார்கள். வேனின் பக்கவாட்டில் வேறு ஒரு கம்பெனி பெயர் இருந்ததாம். இத்தனை வருடம் இலவசம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். படிக்கும்போது கை நடுங்கியது.

மிட்ராண்ட் குமார்:
அப்படியானால் அந்த விதி பொருந்தாது. ஆர்ஏஎஃப் மட்டும்தான்.

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
பொருந்தாமல் போகலாம். ஆனாலும் விபத்தை ஹோட்டலுக்கு எழுத்தில் கொடுத்து, இழப்பீட்டு ஆணையருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்வதாக இருந்தால் ஆணையர் சொல்லட்டும், மேலாளர் சொல்லக் கூடாது. அதற்கும் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சட்டத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 15,000 ராண்டு காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

இசிப்பிங்கோ நர்ஸ்:
சம்பளம் வராததைப் பற்றி யாரும் பேசவில்லையே. 36 மாதத்துக்கு ஆறு வார வேலை நாட்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டத்தில் உண்டு. அதில் எத்தனை நாள் மீதம் என்று கேளுங்கள். அது தீர்ந்தால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்-இல் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பியுங்கள், அம்மாவின் சீட்டில் அந்தப் பிடித்தமும் இருக்கும். வழக்கு வருடக்கணக்கில் போகும், வீட்டு வாடகை மாதாமாதம் வரும்.

மிட்ராண்ட் குமார்:
செல்வி, தொடை எலும்புக்கு வக்கீல் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சின்னக் காயத்துக்கு நேராகப் போகலாம் என்பதில் இன்னும் மாற்றமில்லை. வக்கீலிடம் போனாலும் ஃபைலின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று, ஆர்ஏஎஃப் சம்மதித்தால் பின்னால் வரும் மருத்துவச் செலவுக்கு உறுதிப் பத்திரம் தருவார்கள். அந்தக் கம்பியை எடுக்க மறுபடி அறுவை வேண்டியிருந்தால் அது உதவும். ரொக்கத்தை மட்டும் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
சட்டம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் மகளே, போலீஸ் நிலையத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல். விபத்து அறிக்கை எண் வாங்க நானும் வருகிறேன்.

வெருலம் செல்வி:
நன்றி ஐயா. திங்கட்கிழமை காலை போகிறேன், நீங்கள் வந்தால் தைரியமாக இருக்கும். ஹோட்டல் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிரைவர் பையனுக்குப் பணம் கட்ட வேண்டி வராது என்றதும் அம்மா நடந்தது எல்லாவற்றையும் முதல் முறையாக முழுதாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.