மறுமொழி: டியூப்லெஸ் சைக்கிள் டயரை ‘சீட்’ செய்தல் – கலைச்சொல்

வணக்கம். டியூப் இல்லாத சைக்கிள் டயரின் விளிம்பைக் காற்றின் விசையால் ரிம்மில் உரிய இடத்தில் உட்காரவைப்பதை ஆங்கிலத்தில் ‘சீட்’ செய்தல் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘அமர்த்தல்’ என்றே வைத்துவிடலாமே? சீட் என்றால் இருக்கைதானே.

பிழையில்லை. ஆனால் வேலைக்கு ஆள் அமர்த்துவதும் அதே சொல்தான். டயருக்குள் என்ன நடக்கிறது என்று அது எதையும் காட்டவில்லை.

ரிம்மின் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவே பள்ளம், இருபுறமும் சற்றே உயர்ந்த தட்டைப் பகுதி, அதற்கு வெளியே சுவர். டயரை மாட்டும்போது அதன் விளிம்பு பள்ளத்தில் இறங்கிக் கிடக்க வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பக்கத்தைச் சுவருக்கு மேலாக இழுத்து உள்ளே தள்ளத் தளர்வு கிடைக்கும். காற்று நிரம்பும்போது அந்த விளிம்பு பள்ளத்தைவிட்டு ஏறி, தட்டைப் பகுதியில் சுவரோடு ஒட்டி நிற்கும். ‘டப், டப்’ என்று கேட்பது அந்த ஏற்றத்தின் சத்தம்தான். மாட்டுவதும், ஓட்டும் அளவுக்குக் காற்றடிப்பதும் இதற்கு முன்னும் பின்னும் வரும் வேறு வேலைகள். அவற்றுக்குச் சொல் இருக்கிறது, இதற்குத்தான் இல்லை.

கம்ப்ரசர் தேவைப்படுவதும் இந்த ஏற்றத்துக்காகவே. விளிம்பு பள்ளத்தில் கிடக்கும்வரை அதற்கும் ரிம்முக்கும் இடையே சந்து இருக்கும். டியூப் இல்லாததால் அடிக்கிற காற்றெல்லாம் அந்தச் சந்து வழியே போய்விடும். சாதாரணக் கைப்பம்பால் பல நேரம் அந்தக் கசிவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. தொட்டியில் சேர்த்துவைத்த காற்றைக் கம்ப்ரசர் ஒரே மூச்சில் பாய்ச்சி, கசிவை முந்திவிடுகிறது. அழுத்தத்தைவிடப் பாய்வின் வேகம்தான் இங்கே முக்கியம். வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு அடைப்பானை) கழற்றிவிட்டு அடிப்பதும் அதனால்தான். விளிம்பில் தடவும் சோப்புத் தண்ணீர், வழுக்கிக்கொண்டு ஏற உதவுகிறது.

எனவே என் முன்மொழிவு: அந்தத் தட்டைப் பகுதி ‘திண்ணை’, விளிம்பை அதில் ஏற்றுவது ‘திண்ணையேற்றல்’. தன்வினையும் எளிதாக வந்துவிடுகிறது: ‘இடப்பக்கம் திண்ணையேறிவிட்டது, வலப்பக்கம் இன்னும் இல்லை.’

> ‘கவ்வல்’ இன்னும் சுருக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் யாரைக் கவ்வுவது? கொக்கி வைத்த ரிம்மில், அதாவது சுவரின் நுனி உள்நோக்கி வளைந்திருக்கும் ரிம்மில், கவ்வுவது ரிம். கொக்கியில்லா ரிம்மில் அந்தக் கவ்வலும் கிடையாது.

> பீடுக்கு ‘மணி’?

வேண்டவே வேண்டாம். பீடு (bead) என்பது நாம் பேசிவரும் டயர் விளிம்புதான்; மணி என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் வேறு பொருள். விளிம்புக்குள் ஓடுவது எஃகுக் கம்பி அல்லது அராமிட் என்ற வலுவான செயற்கை இழை. ‘விளிம்புவடம்’ பொருந்தும்.

பதிவு இப்படி இருக்கலாம்:

திண்ணையேற்றல்: டியூப்லெஸ் டயரின் விளிம்புவடத்தை, விரைந்து பாயும் காற்றின் உதவியால், ரிம்மின் நடுப்பள்ளத்திலிருந்து திண்ணைக்கு ஏற்றுதல்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கம்ப்ரசர் தொட்டியில் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பது சாதாரணம். கொக்கியில்லா ரிம்களுக்கு உச்சவரம்போ 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. சில டயர்களுக்கு அதைவிடவும் குறைவு. ரிம்மிலும் டயரிலும் குறித்திருப்பவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டயர் திண்ணையோடு நிற்காமல் ரிம்மைவிட்டே பிய்த்துக்கொண்டு தெறிக்கலாம்.

சீலன்டுக்கு (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) ‘அடைபால்’ என்று ஒன்று தோன்றுகிறது, பலவும் ரப்பர் பால் கலந்தவை என்பதால். அதற்குத் தனி இழை திறக்கிறேன். கம்ப்ரசர் கம்ப்ரசராகவே இருக்கட்டும். ‘அமுக்கி’யா ‘அழுத்தி’யா என்ற சண்டையை இங்கே யாரும் தொடங்கிவிடாதீர்கள்.