கொள்கலனுக்குள் பழைய விண்டோஸ் விளையாட்டு: வண்ணங்கள் சிதைகின்றன

கேள்வி:
வணக்கம். 1997இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டை, என் லினக்ஸ் கணினியில் 32 பிட் நூலகங்களை நேரடியாக நிறுவ விரும்பாததால், பாட்மேன் கொள்கலனுக்குள் (கணினியின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட சூழல்) வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் மென்பொருள்) நிறுவி இயக்கினேன். ஒலி சீராக வருகிறது. ஆனால் புல்வெளி ஊதா நிறத்தில் தெரிகிறது, படமும் திணறுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கொள்கலனுக்கு வரைகலை அட்டை தெரியாவிட்டால் படம் திணறும். அட்டையை அணுகும் வழியான '/டெவ்/டிஆர்ஐ' (/dev/dri) சாதனத்தை உள்ளே அனுமதியுங்கள். உங்கள் அட்டைக்குரிய மேசா (லினக்ஸின் திறமூல வரைகலை மென்பொருள்) இயக்கியும் உள்ளே இருக்க வேண்டும்.

மறுமொழி 2:
வண்ணச் சிதைவு வேறு சிக்கல். அந்த விளையாட்டு, 256 வண்ணங்கள் மட்டுமே கொண்ட 8 பிட் திரையை நம்பி, விண்டோஸின் பழைய வரைகலை இடைமுகமான டைரக்ட்டிரா வழியாக எழுதப்பட்டது. டைரக்ட்டிராவுக்கு மாற்றான சிஎன்சி-டிடிராவின் (cnc-ddraw) கோப்புகளை விளையாட்டின் கோப்புறையிலேயே இட்டு, வைன் அமைப்பில் டிடிரா (ddraw) நூலகத்தை 'நேட்டிவ், பில்டின்' (முதலில் நீங்கள் இட்ட கோப்பு, அது இல்லையென்றால் வைனுடையது) என மாற்றுங்கள். சேமித்த ஆட்டங்கள் உங்களுக்கு முக்கியமென்றால், கொள்கலனை நீக்கும் முன் அவற்றை வெளியே உள்ள கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. புல் பச்சையாகிவிட்டது.