உரிமைச் சட்டங்களை ஒப்பிடும் கட்டுரைக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மனித உரிமைகளை நாடுகள் தத்தம் சட்டத்தில் எவ்வாறு காக்கின்றன என்று ஒப்பிட்டுக் கட்டுரை எழுதி வருகிறேன்.

ஜெர்மனியின் அரசமைப்புச் சட்டமான 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், மனித மாண்பை முதல் பிரிவிலேயே வைத்து, அந்தக் கோட்பாட்டை நாடாளுமன்றமே திருத்த முடியாதபடி 79ஆம் பிரிவால் பூட்டியும் வைத்திருக்கிறது. பிரிட்டனிலோ, 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டப்படி, ஒரு நாடாளுமன்றச் சட்டம் உரிமைக்கு முரணானது என நீதிமன்றம் அறிவித்தாலும் அது செல்லாததாகிவிடுவதில்லை. மாற்றுவதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

என்னை மிகவும் பாதித்தது தென்னாப்பிரிக்காவின் க்ரூட்பூம் வழக்கு. குடிசைகள் இடிக்கப்பட்டு, விளையாட்டுத் திடல் ஒன்றில் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ் மழைக்காலத்தைக் கழித்த குடும்பங்கள் தொடுத்த வழக்கு அது. உடனடித் தேவையில் தவிப்போருக்கு வழிசெய்யாத வீட்டுவசதித் திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதன்று என அரசமைப்பு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. வீட்டுரிமையை நீதிமன்றம் இவ்வளவு துணிந்து கையில் எடுத்தது பெரிய செயல் என்றே கருதுகிறேன்.

இத்தகைய தீர்ப்புகள் மக்களின் வாழ்வில் நடைமுறைக்கு வந்தனவா என்பதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? சட்டம் பயின்றவர்களும் வழக்கறிஞர்களும் வழிகாட்டுமாறும், ஒப்பிடத்தக்க பிற நாட்டுத் தீர்ப்புகளைத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.