மறு: டேஷ்போர்டுக்குத் தமிழ்ச்சொல் – ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

காரின் டேஷ்போர்டை எந்தத் தமிழ்ச்சொல்லால் அழைப்பது என்று மூன்று நாளாக இந்த இழையில் 'முகப்புப் பலகை'யும் 'கட்டுப்பாட்டுப் பலகை'யும் முட்டிக்கொள்வதைப் படித்துக்கொண்டே இருந்தேன், பதில் போடவில்லை. இதே மூன்று நாளும் நான் 'மினி' என்ற பெயர் கொண்ட ஒரு பழைய பிரிட்டிஷ் காருக்குள் குந்தியபடி விவாதப் பொருளையே கழற்றிக்கொண்டிருந்தேன் என்பதுதான் காரணம். பழையதை எடுத்துவிட்டு மரத்தில் ஒன்று செய்து பொருத்துகிற வேலை. திருப்புளியும் கையுமாக இருக்கும்போது சொல் விவாதம் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தச்சரிடம் நான் பட்ட பாடு. இழையில் படித்த உற்சாகத்தில், 'காருக்கு ஒரு முகப்புப் பலகை செய்யணும்' என்று தொலைபேசியில் சொன்னேன். 'என்ன பேர் எழுதணும்?' என்று கேட்டார். டேஷ்போர்டு என்றதும் புரிந்துவிட்டது, ஆனால் உடனே அவர் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது: 'மொத்தமாவா, இல்ல மீட்டர் உக்கார்ற முகம் மட்டுமா?' நாம் இதுவரை இங்கே அடுக்கிய ஏழெட்டுச் சொற்களில் எதை வைத்தும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எல்லாச் சொல்லும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. ஆங்கிலமும் டேஷ்போர்டு என்று குழப்பத்தான் செய்கிறது, ஆனால் அவர்களிடம் அந்த முகத்துக்கு ஃபேசியா என்று தனியாக ஒரு சொல் கைவசம் இருக்கிறது.

> டேஷ் என்றால் பாய்ந்து செல்வது, எனவே 'விரைவுப் பலகை' எனலாம்

இது வேண்டாம். அந்தப் பெயருக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. குதிரை வண்டியில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு பலகையோ தோல் மறைப்போ இருக்கும், குதிரையின் குளம்பு வாரியடிக்கிற சேறும் கல்லும் மேலே படாமலிருக்க. அப்படி வாரியடிப்பதுதான் அங்கே டேஷ். குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பலகை நின்றது, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்ததால் மானிகள், அதாவது மீட்டர்கள், ஒவ்வொன்றாக அதில் வந்து உட்கார்ந்தன. ஆக ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'சேறுதடுப்பு' என்று வரும், அது இன்றைக்குச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டுக்குப் பொருந்துமே தவிர இதற்குப் பொருந்தாது. சொல்லை மொழிபெயர்க்காமல் பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

பொருளைப் பார்ப்பதற்கு மினியை விட நல்ல வண்டி கிடையாது. 1959இல் அலெக் இஸிகோனிஸின் வடிவமைப்பில் வந்த அந்தப் பத்தடி நீள வண்டியில், நாம் டேஷ்போர்டு என்று நினைக்கிற பொருளே கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடிக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சாமான் வைக்க ஒரு திறந்த தட்டு, நட்டநடுவில் வட்டமாக ஒரே ஒரு வேகமானி, அவ்வளவுதான். பிறகு 1961இல் அதே உடம்பில் கொஞ்சம் ஆடம்பரமாக இரண்டு வண்டிகள் வந்தன. ரைலி எல்ஃபில் முழு அகலத்துக்கும் அக்ரூட் வெனீர் (மேலே ஒட்டுகிற மெல்லிய மரத்தகடு) போட்ட முகம் வைத்தார்கள். வூல்ஸ்லி ஹார்னெட்டில் நடுவிலிருந்த மானிகளைச் சுற்றி மட்டும் மரம். தச்சர் கேட்ட கேள்வியே இரண்டு காராக நிற்கிறது பாருங்கள்.

எனவே என் முன்மொழிவு: மொத்த அமைப்புக்கும் முந்தட்டு. அதில் மானிகள் உட்காரும் முகத்துக்கு மட்டும் மானிப்பலகை.

முன் + தட்டு, இலக்கணப்படி முன்றட்டு என்று ஆகவேண்டும் என்று ஒருவர் வருவார், தெரியும். முன்றானையை முந்தானை ஆக்கிக்கொண்ட வாய்தானே நம்முடையது, இதையும் முந்தட்டு என்றுதான் சொல்லும், முதலிலேயே அப்படி எழுதிவிடுவோம். 'முந்தட்டும்' என்று கேட்கிறதே, பின்னால் வருகிற வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். கார் சம்பந்தப்பட்ட சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். தட்டு என்றால் சோற்றுத்தட்டு மட்டும்தானா? அலமாரித் தட்டு இருக்கிறது, தேர்த்தட்டு இருக்கிறது. இது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, எதனால் செய்தது என்று சொல்லவில்லை. நாளைக்கு மானியெல்லாம் ஒரே திரையாகிவிட்டாலும் முந்தட்டு முந்தட்டாகவே இருக்கும்.

மானிப்பலகை பற்றி ஒரு சந்தேகம் எனக்கே இருந்தது. பிளாஸ்டிக்கில் செய்ததைப் பலகை என்னலாமா? கரும்பலகை மரத்தை விட்டு எத்தனையோ காலமாகிறது, யாரும் பெயரை மாற்றவில்லை. என் வண்டியிலாவது அது உண்மையிலேயே பலகை.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் அகராதி வேலை இல்லை. மரம் வைக்கும்போது சிக்கலெல்லாம் சரியாக இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் வருகிறது. பழைய மானிகள் பல, தாம் உட்கார்ந்திருக்கும் தகரத்தின் வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். தகரம் இருந்த இடத்தில் மரம் வந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும், ஒவ்வொரு மானியின் முதுகிலிருந்தும் தனியாக ஒரு எர்த் கம்பியை உடற்கூட்டுக்கு இழுக்க வேண்டும். நான் மானிகளுக்கெல்லாம் இழுத்துவிட்டு, பெட்ரோல் மானிக்கும் வெப்பமானிக்கும் மின்சாரம் தருகிற சின்ன நிலைப்படுத்தியை (ஸ்டெபிலைசர்) மறந்துவிட்டேன். அது பன்னிரண்டு வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாகப் பத்து வோல்ட் போலத் தரும். அதன் தகரக் கூட்டுக்கு எர்த் இல்லாவிட்டால் விட்டுவிட்டுக் கொடுப்பது நின்று பன்னிரண்டும் நேராகப் போய்விடும். பாதி காலியான தொட்டியை ஏறக்குறைய முழுசு என்றும், எஞ்சின் கொதிக்கிறது என்றும் இரண்டு மானிகளும் சேர்ந்து பொய் சொல்லின. அரை நாள் ரேடியேட்டரைச் சந்தேகப்பட்டேன். இந்தக் கோளாற்றை யாரிடமாவது தமிழில் விளக்கவேண்டுமானால், 'முந்தட்டில் எர்த் இருக்கிறது, மானிப்பலகையில் இல்லை' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. 'முகப்புப் பலகை'யை வைத்து முயன்று பாருங்கள்.

அப்புறம் பலகையின் தடிமன். சொடுக்கிகளின் (சுவிட்ச்) மரை போட்ட கழுத்து தகரத்துக்காகச் செய்தது, குட்டையாக இருக்கும். 9 மி.மீ. ஒட்டுப்பலகையில் நுழைத்தால் மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, பின்பக்கம் அந்த இடத்தை மட்டும் குடைந்து மெலிதாக்க வேண்டும். மானிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, 52 மி.மீ. துளை போட்டுப் பின்னாலிருந்து ப வடிவப் பட்டையை வைத்து இறுக்கிவிடலாம். வெனீர் ஒட்டிய முகத்தின் பக்கமிருந்துதான் துளை போடவேண்டும், அடியில் வேண்டாத பலகைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு. இல்லாவிட்டால் சிலாம்பு பெயர்ந்து வட்டத்தின் ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும். வெனீரைப் பின்பக்கமும் ஒட்டச் சொன்னார் தச்சர். யாருக்கும் தெரியாத பக்கத்துக்கு எதற்கு என்று கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக இழுத்து வளையும் என்றார். வெயிலில் பூட்டி நிற்கிற காரில் கண்ணாடிக்கு அடியில் எழுபது டிகிரியைத் தாண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டால், சாதாரண ரப்பர் பசை ஏன் ஆகாது என்பது புரியும். எப்பாக்சி பசை போட்டோம்.

> சங்கப் பாடல்களில் வரும் 'கொடிஞ்சி'யை மீட்டெடுக்கலாமே

படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன், அவ்வளவு அழகான யோசனை. தேரில் அமர்ந்தவருக்கு முன்னால், மரத்தில், தாமரை மொட்டுப் போல. இடம் பொருந்துகிறது, மரம் பொருந்துகிறது. ஆனால் கொடிஞ்சி கையால் பிடித்துக்கொள்வதற்கானது. பக்கத்து இருக்கைக்காரர் வளைவில் பற்றிக்கொள்ள முந்தட்டில் ஒரு கைப்பிடி இருக்குமே, அதற்கு வைத்துக்கொள்வோம். நான் என்னுடையதை இப்போதே கொடிஞ்சி என்றுதான் கூப்பிடுகிறேன், தச்சரும் சிரித்துக்கொண்டே அப்படியே சொல்கிறார்.

'கட்டுப்பாட்டுப் பலகை' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியைக் கட்டுப்படுத்துபவை ஸ்டியரிங்கும் கால்மிதிகளும் கியரும். பலகை பெரும்பாலும் காட்டத்தான் செய்கிறது.

மென்பொருள்காரர்கள் இதே சொல் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். முந்தட்டை அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன், அங்கே முன்னும் இல்லை தட்டும் இல்லை. மானிப்பலகையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். எண்ணும் அளவும் ஒரே பார்வையில் தெரியும் பக்கம்தானே அவர்களுடையது, காரிலிருந்து அவர்கள் கடன் வாங்கியதும் அந்தப் பகுதியைத்தான்.

இன்னும் ஒரு சொல் மீதமிருக்கிறது. மானியின் கண்ணாடியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் பெசல், அதற்கு என்ன வைக்கலாம்? 'விளிம்பு வளையம்' நீளமாக இருக்கிறது. வேகமானியின் வளையம் ஒன்று நேற்றுக் கழன்று, தட்டிலிருந்து உருண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. நீங்கள் பெயரைத் தேடுங்கள், நான் இருக்கைக்கு அடியில் பொருளைத் தேடுகிறேன்.