கப்பலின் முகப்பை நோக்கிய பால்கனி அறை: எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி

வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும், எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் வான்கூவரிலிருந்து விட்டியர் வரை செல்லும் ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்யவிருக்கிறோம். வழியில் பனியாறுகள் கடலில் இறங்கும் கிளேசியர் பே என்ற விரிகுடாவும் உண்டு. கப்பலின் நேர் முன்புறத்தில், கப்பல் செல்லும் திசையையே பார்த்தபடி அமைந்த பால்கனி அறைகள் சில இன்னும் காலியாக இருக்கின்றன. பக்கவாட்டு அறைகளைக் காட்டிலும் அவற்றின் பால்கனி அகலமாகத் தெரிகிறது. கட்டணத்தில் பெரிய வேறுபாடும் இல்லை. பனியாறு எதிரே சிறுகச் சிறுகப் பெரிதாகி வருவதை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவரால் நெடுநேரம் நிற்க இயலாது. ஆனால் இவ்வளவு நல்ல இடம் இதுவரை ஏன் விலைபோகாமல் இருக்கிறது என்ற ஐயமும் கூடவே எழுகிறது. அத்தகைய அறையில் தங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

உங்கள் ஐயம் நியாயமானது. நான் இருமுறை முகப்பு பால்கனி அறையில் தங்கியிருக்கிறேன். அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்றுதான். கடல் அமைதியாக, காற்றே இல்லாத நாளிலும் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் செல்கிறது என்றால், மணிக்கு 37 கிலோமீட்டர் வேகக் காற்று உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றும் அதே அளவுக்கு வீசினால் இரண்டும் சேர்ந்து 74 கிலோமீட்டர் ஆகிவிடும். பக்கவாட்டு பால்கனியில் கப்பலின் உடலும் இரு தடுப்புச் சுவர்களும் இந்தக் காற்றைப் பெருமளவு மறைக்கின்றன. முகப்பில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முதல் பயணத்தின் முதல் மாலையில், கப்பல் துறைமுகத்தை விட்டு வேகம் பிடித்த சிறிது நேரத்திலேயே நாற்காலியின் முதுகில் போட்டிருந்த துண்டு பறந்து போயிற்று. உள்ளே போகலாம் என்று கதவைப் பிடித்தால் அது அசைய மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. பால்கனிக் கதவு திறந்திருக்கும் வேளையில் நடைபாதைப் பக்கக் கதவையும் யாராவது திறந்துவிட்டால், காற்று அறையைக் குறுக்கே பாய்ந்து கடந்து இரண்டில் ஒரு கதவை அறைந்து சாத்தும். என் மனைவியின் விரல் நூலிழையில் தப்பியது. அம்மாவை அழைத்துச் செல்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன். காற்று மிகுந்தால் பால்கனியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களே அறிவித்துவிடுவார்கள். கடலில் முழுநாள் சென்ற இரண்டு நாட்களிலும் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு பால்கனிகளில் கண்ணாடித் தடுப்பு இருக்கும். உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம். முகப்பு பால்கனிகள் பலவற்றில் அலையையும் காற்றையும் தாங்குவதற்காக மார்பளவுக்கு இரும்புச் சுவரே எழுப்பியிருப்பார்கள். உட்கார்ந்தால் வெள்ளைச் சாயம் பூசிய இரும்பும் அதற்கு மேலே கொஞ்சம் வானமும்தான் தெரியும். உங்கள் தாயாருக்காக நீங்கள் விரும்பும் அந்தக் காட்சி அங்கே நிற்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு கப்பலின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கப்பல் அலையில் முன்பின்னாக ஆடும்போது, சிறுவர்கள் விளையாடும் ஏற்றப்பலகையைப் போல நடுப்பகுதி ஏறக்குறைய நிலையாக இருக்க, இரு முனைகளும் உயர்ந்து தாழ்கின்றன. முகப்பு அறையில் உங்கள் கட்டிலே அந்த முனையில்தான் இருக்கிறது. உங்கள் பயணத்தில் முதல் சில நாட்கள் தீவுகளுக்கு இடையே செல்லும் உள்வழி என்பதால் கவலை இல்லை. கிளேசியர் பேயை விட்டுப் புறப்பட்டபின் அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்க வேண்டும். தலைச்சுற்றலும் வாந்தியும் அங்கேதான் ஆளைப் பிடிக்கும்.

ஓசையும் உண்டு. கப்பலைக் கரையில் அணைக்கும்போது முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் விடியற்காலையிலேயே உறுமத் தொடங்கும். தாழ்வான தளங்களில் நங்கூரச் சங்கிலி இறங்கும் அதிர்வும் சேரும். மூடுபனியில் செல்லும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் நீண்ட சங்கொலி எழுப்ப வேண்டும் என்பது பன்னாட்டு விதி. இரவில் மூடுபனி இறங்கினால் முகப்பில் இருப்பவர்களுக்குத் தூக்கம் இராது.

பதில் 3

நான் இவர்களோடு முழுவதும் உடன்படவில்லை. பனாமா கால்வாயை முகப்பு பால்கனியிலிருந்து கடந்தேன். அந்த நாளை வேறு எந்த அறைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கப்பல் ஊர்ந்து செல்வதால் காற்றுத் தொல்லை இல்லை. மதகுக் கதவுகள் எதிரே திறப்பதையும், நீர் நிரம்ப நிரம்பக் கப்பல் படிப்படியாக 26 மீட்டர் உயர்ந்து காட்டூன் ஏரியில் நுழைவதையும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கிளேசியர் பேயிலும் கப்பல் வேகத்தைக் குறைத்துத்தான் செல்லும். ஆக, மெதுவாகச் செல்லும் வழியில், நின்று பார்க்கக்கூடியவர்களுக்கு இந்த அறை பொருத்தமானது.

ஆனால் இரவு ஒழுங்கு ஒன்று உண்டு. கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்குக் கீழேயோ அருகிலோ இந்த அறைகள் இருப்பதால், இருட்டியபின் திரைகளை முழுவதும் மூடச் சொல்வார்கள். பால்கனி விளக்கையும் எரிய விடக்கூடாது. இருளுக்குப் பழகிய மாலுமிகளின் கண்களை வெளிச்சம் கெடுத்துவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தள வரைபடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் குறித்து வைத்திருந்த அறை பிரிட்ஜுக்கு நேர் கீழே இருக்கிறது. காட்சி ஓரளவு மறைக்கப்படும் என்ற குறியும் அதில் உள்ளது. முதலில் அது என் கண்ணில் படவே இல்லை. முகப்பு அறையைக் கைவிட்டு, கப்பலின் நடுப்பகுதியில் பக்கவாட்டு பால்கனி எடுக்க எண்ணுகிறேன். ஆனால் பனியாற்றை நேரெதிரே பார்க்கும் வாய்ப்பு அம்மாவுக்கு இல்லாமல் போகுமே என்பதுதான் வருத்தம்.

பதில் 1

இல்லாமல் போகாது. கிளேசியர் பேயில் உள்ள மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல்கள் வழக்கமாக நெடுநேரம் நின்று, இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்சி கொடுக்கும். அதன் முகம் நீருக்கு மேல் ஏறத்தாழ 76 மீட்டர் உயரம் இருப்பதால், அம்மா தம் நாற்காலியை விட்டு எழாமலே பார்க்கலாம். பனித்துண்டு உடைந்து விழும்போது முதலில் காட்சிதான் வரும், இடிபோன்ற ஓசை சற்றுப் பிந்தி வந்து சேரும். ஆகவே ஓசை கேட்டபின் திரும்ப வேண்டாம், பனிச்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேரும் வரை முன்புறக் காட்சி வேண்டுமென்றால், பெரும்பாலான கப்பல்களில் மேல்தளத்தின் முன்பகுதியில் கண்ணாடி சூழ்ந்த பொதுக்கூடம் இருக்கும். கிளேசியர் பே நாளன்று அங்கே கூட்டம் நெரியும் என்பதால் காலை உணவுக்கு முன்பே ஒருவர் போய் இடம் பிடித்துவிட வேண்டும். வடக்கு நோக்கிய பயணத்தில் கரை வலப்பக்கம் இருக்கும். ஆதலால் நடுப்பகுதியில், மிக உயரமில்லாத தளத்தில், வலப்பக்க அறையாகக் கேளுங்கள்.