நெருக்கடியில் இருக்கும் மாணவியிடம் நேரடியாகக் கேட்கலாமா?

கேள்வி: ஆசிரியை, கடலூர் மாவட்டம்

வணக்கம். என் வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி சில வாரங்களாக யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாள். நேற்றுத் தன் நோட்டுகளையெல்லாம் தோழியிடம் கொடுத்து, "இனிமேல் எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்றாளாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று சக ஆசிரியர்கள் தடுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உளவியல் ஆலோசகர்

அம்மா, இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலருக்கு அது பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது. யாரும் குறுக்கிடாத இடத்தில் அருகே அமர்ந்து, "நோட்டையெல்லாம் கொடுத்துவிட்டாயாமே, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள். "பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; ஏற்கெனவே குற்ற உணர்வில் புழுங்கும் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். பொறுப்பானவர் கையில் ஒப்படைக்கும்வரை அவளைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். நம் ஊர் வழக்கப்படி தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதால் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தில், எண்ணம் தலைதூக்குவதன் அறிகுறி, அப்போது தானே செய்யக்கூடியது, போய் இருக்கக்கூடிய இடம், அழைக்க வேண்டிய ஆட்கள் ஆகியவற்றை அவளே தன் சொற்களில் எழுதி வைத்துக்கொள்வாள். ஆலோசகருடன் அமர்ந்து அதை எழுதலாம்.

பதில்: கிராம சுகாதாரச் செவிலியர்

விவசாயக் குடும்பம் என்றால், பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உந்துதலின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, உங்கள் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில்தான் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டிவைப்பதற்கான பொதுப் பெட்டகங்களை அமைத்துப் பார்த்தது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆசிரியை

மிக்க நன்றி. பெற்றோரிடம் சொன்னால் அடிப்பார்களோ, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உளவியல் ஆலோசகர்

எண்ணத்தை வெளியே சொல்வது குற்றமே அல்ல. முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. பெற்றோரை அழைக்குமுன், வீட்டில் யாரைக் கண்டாவது பயமா என்று அவளிடம் கேளுங்கள். அங்கே வன்முறையோ பாலியல் தொல்லையோ இருந்தால், முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், தலைமையாசிரியரையும் வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்களே முதலில் அழைத்து, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளலாம்.