இன்ஜினை இறக்கியாயிற்று: எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி:
வணக்கம். 1.5 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர், 1,60,000 கி.மீ. ஓடியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு. பின்பக்கக் கோர் பிளக் (பிளாக்கின் கூலன்ட் துளையை அடைக்கும் உலோக மூடி) ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகி கூலன்ட்டும் ஒழுகுகிறது. அதனால் இன்ஜினை இறக்கியாயிற்று. டைமிங் பெல்ட் உள்ள வகை. இறக்குவதற்கு முன் பார்த்த கம்ப்ரஷன் 168 முதல் 176 பிஎஸ்ஐ வரை, புகை கிடையாது. கையோடு பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் மாற்றிவிடலாமா?

மறுமொழி 1:
ரிங்கைத் தொட வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் இடையே 5 சதவீத வித்தியாசம்கூட இல்லை. படிந்து ஓடும் ரிங்கை எடுத்துவிட்டுப் புதியது போட்டால், சிலிண்டர் சுவரை ஹோன் செய்யாமல் (கல்லால் தேய்த்து மெல்லிய கீறல் போடாமல்) அது படியாது. ஹோன் செய்தால் அந்தத் தூள் ஒரு பொட்டுகூட மிஞ்சாதபடி பிளாக்கை முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டும். நன்றாக இருக்கும் ஒன்றுக்காக அத்தனை வேலையும் வீண்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான்: இன்ஜின் மேலே ஏறிய பிறகு இதற்குக் கை எட்டுமா? எட்டாதென்றால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். எட்டுமென்றால், கெட்டிருந்தால் மட்டும்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ.தான் மிச்சமென்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. ஆயிலில் ஊறிய பிளேட் என்றால் லைனிங் எவ்வளவு இருந்தாலும் வழுக்கும், கழுவி மீட்க முடியாது. கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையும் மாற்றுங்கள். கிளட்ச் அறையில் ஆயிலைக் கண்டதும் எல்லோரும் கிராங்க் சீலைத்தான் குற்றம் சொல்வார்கள்; கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். புதிய பிளேட்டைப் போடும்போது ஸ்பிளைனுக்கு (இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரி) கிரீஸ் மெல்லிய பூச்சாகத்தான் இருக்க வேண்டும். அதிகமானால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஒட்டும்.

முன்பக்கம் டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், கிராங்க் முன் சீல், கேம் சீல் எல்லாம் ஒன்றாக. பெல்ட் வாட்டர் பம்ப்பையும் ஓட்டினால் அதுவும் சேர்த்தி. பழைய சீல் கசிந்தால் புதிய பெல்ட்டின் ரப்பர் ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பு) பக்கம் போகும் ஹீட்டர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். ஆல்டர்னேட்டரை விட்டுவிடலாம். ஏசி கம்ப்ரஸரை கேஸ் லைனைக் கழற்றாமல் ஓரமாகக் கட்டி வைத்தாலே போதும்.

மறுமொழி 2:
கோர் பிளக்கில் ஒன்று போனால் அத்தனையும் மாற்றுங்கள். கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு தீர்ந்த பிறகு, உள்ளிருந்து எல்லாப் பிளக்கும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் மெலியும். மழுங்கிய பஞ்ச்சால் ஒரு விளிம்பில் தட்டினால் பிளக் குறுக்காகத் திரும்பும்; பிளையரால் இழுத்துவிடலாம். ஓங்கி அடிக்காதீர்கள், பின்னால் சில மி.மீ. தள்ளி சிலிண்டர் சுவர் இருக்கிறது. பிளக் உள்ளே விழுந்தாலும் விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

பழைய பிளக்கை அளக்காமல் பிளாக்கில் உள்ள துளையை அளந்து வாங்குங்கள். கிடைத்தால் பித்தளை. துளையின் சுவரை மெல்லிய எமரியால் சுத்தம் செய்து, சீலன்ட்டை மெலிதாகத் தடவி, பிளக்கின் உள்விட்டத்துக்குச் சற்றே சிறிய சாக்கெட்டை வைத்து நேராக அடியுங்கள். விளிம்பு துளையின் சரிவைத் தாண்டியதும் நிறுத்துங்கள்.

பிளக் திறந்திருக்கும்போதே கம்பியால் உள்ளே கிடக்கும் துருச்சேற்றைச் சுரண்டி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். இந்த வாய்ப்பு மறுபடி வராது.

மறுமொழி 3:
கிராங்க் பின் சீலைப் பற்றி மேலே யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பழைய சீலின் லிப் (ஷாஃப்ட்டை உரசும் விளிம்பு) ஓடிய இடத்தில் கிராங்க்கில் நகத்துக்குத் தட்டுப்படும் தடம் இருந்தால், புதிய சீலும் அங்கேயே உட்கார்ந்து கசியும். சர்வீஸ் மேனுவல் அனுமதித்தால் 1 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள், இல்லையென்றால் தடத்தை மூடும் ரிப்பேர் ஸ்லீவ். பிளாஸ்டிக் வளையத்தோடு வரும், ஸ்பிரிங் இல்லாத டெஃப்லான் சீலுக்கு எண்ணெய் தடவக் கூடாது. உலர்வாகத்தான் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் உள்ள ரப்பர் சீலுக்கு லிப்பில் ஆயில் கட்டாயம்.

இரண்டு விஷயங்கள் எளிதில் விட்டுப்போகும். சில இன்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட்டின் துளை கிராங்க்கேஸ் வரை திறந்திருக்கும். மரையில் சீலன்ட் இல்லையென்றால் அதன் வழியாக ஆயில் வரும். பார்க்கிறவருக்கு சீல் கசிவது போலவே தெரியும். இன்னொன்று, கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு. அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, நேற்று போட்ட சீலைக்கூடத் தள்ளிவிடும். இத்தனை சீல் மாற்றிவிட்டு அந்தச் சின்ன வால்வை விட்டுவிடுவது பெரிய தவறு.

கேட்டவர்:
நன்றி. ஆயில் பிரஷர் மட்டும் இறக்குவதற்கு முன் அளக்கவில்லை. மெயின் பேரிங்கை எப்படித் தீர்மானிப்பது?

மறுமொழி 1:
எப்படியும் சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி, ஸ்ட்ரெய்னரை (ஆயில் பம்ப்பின் வடிகட்டி வலை) சுத்தம் செய்யத்தான் போகிறீர்கள். அப்போதே ஒரு மெயின் கேப், ஒரு கனெக்டிங் ராட் கேப் திறந்து பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் இழை) வைத்து பேரிங் இடைவெளியை அளந்துவிடுங்கள். மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்து, பேரிங் ஷெல்லில் செம்பு நிறம் தெரியாவிட்டால் அப்படியே மூடுங்கள். ஒருமுறை மட்டுமே முறுக்கும் வகை போல்ட்டாக இருந்தால், திறந்த கேப்புக்குப் புதிய போல்ட். சம்ப்பை ஒட்ட சீலன்ட் 3 மி.மீ. கோடு போதும், உள்ளே பிதுங்கி உதிர்ந்தால் அதே ஸ்ட்ரெய்னரைத்தான் அடைக்கும்.

இன்ஜின் மவுண்ட்டில் ரப்பர் வெடித்திருந்தாலோ உள்ளிருக்கும் திரவம் கசிந்தாலோ மாற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷனையும் கழற்றி வைத்து, ஆயில் லைட் அணையும்வரை பத்துப் பத்து விநாடியாகச் சுற்றவிடுங்கள்.